பகல் தீனி

மலையில் நின்று பார்த்தால் இராசமணியின் கோழிக்கூடு தெரியும். மொரகொல்லைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கட்டிக் கொடுத்த தனிவீடுகளில் கடைசி வீடு அவளுடையது. அதன் பின்னால், ஓடைக்கு இறங்கும் சரிவில், தகரக் கூரை போட்ட நீளமான கூடு. காலையில் அந்தத் தகரம் சும்மா வெள்ளையாக இருக்கும். பத்து மணிக்குக் கண்ணைக் கூசவைக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் பார்ப்பாள். ஒரு கொழுந்து கிள்ளி மறு கொழுந்துக்குக் கை போவதற்குள் தலை தானாகத் திரும்பும்.

“ஏ மணி, கண்ணு கூரையில, கை செடியில. முத்தல் எலையெல்லாம் சாக்குல விழுது பாரு. கங்காணி பாத்தா அம்புட்டுத்தான்” என்றாள் பக்கத்து நிரையில் நின்ற பாக்கியலெட்சுமி.

“இன்னிக்கு எத்தன போச்சோ தெரியலக்கா.”

“பகலு சோத்துக்குப் போனப்ப பாத்துட்டுத்தான வந்த? எல்லாம் உசிரோட இருக்குன்னியே.”

“அதான்க்கா பயமா இருக்கு. நான் பாக்கிறப்ப எல்லாம் உசிரோடதான் இருக்குது. நான் மலையேறி வந்த பொறவுதான் சாவுது.”

 பாக்கியலெட்சுமி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

கச்சான் காற்று தொடங்கி அன்றோடு ஒன்பது நாள். ஆடி மாதத்தில் மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. ஈரம் என்று ஒரு சொட்டு அதில் கிடையாது. உதடு வெடிக்கும், பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும், மானாப்புல் நின்ற இடத்திலேயே கருகும். தோட்டத்துப் பெரியதுரைக்கு மட்டும் கொண்டாட்டம். கச்சான் நாளில் கிள்ளுகிற கொழுந்துக்குத்தான் வாசம் அதிகம் என்று பக்டரியில் பகலும் இரவும் மெஷின் ஓடும். தேயிலைக்கு வாசம் கொடுக்கிற அதே காற்றுதான் தகரத்துக்குக் கீழே கோழிகளை அவித்துக்கொண்டிருந்தது.

சங்கத்தில் கொடுத்த நூற்றிருபது முட்டைக்கோழிக் குஞ்சுகளை ஐந்து மாதமாக வளர்த்து ஆளாக்கியிருந்தாள் இராசமணி. கொண்டை சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் முட்டை விழும். முட்டை விழுந்தால் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிடலாம், இனி ஒரு நாளும் மலையேற வேண்டாம் என்று அவளும் புருஷன் தம்பையாவும் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவுக்குக் காரணம் குளவி.

போன மாசியில் ஆறாம் நம்பர் மலையில் இராசமணியின் நிரை மேல் குளவி இறங்கியது. மேலே கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தம்பையா கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் சாக்கை அவள் தலையில் போட்டு, அவள் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவளுக்கு ஏழு கொட்டு. அவனுக்கு எத்தனை என்று பதுளை ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு மூச்சு பாதியாகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து அவன் வீட்டோடு. அவளோ ஒவ்வொரு நாளும் குளவிக்குப் பயந்து பயந்து மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கோழி பிழைத்தால்தான் அவள் மலையிலிருந்து தப்ப முடியும்.

நாலரை மணிக்குக் கொழுந்து நிறுவை முடிந்ததும் இராசமணி ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். வாசற்படியில் தம்பையா குந்தியிருந்தான். அவள் வருவது தெரிந்தும் தலை நிமிரவில்லை. அவன் காலடியில் ஒரு சாக்கு விரித்திருந்தது. சாக்கின் நடுவில் மேடு தட்டியிருந்தது.

“எத்தனங்க?”

“நாலு.”

“தண்ணி மாத்துனீங்களா?”

“ம்.”

“பவுடர் கலந்து?”

“ம்.”

சாக்கை விலக்கிப் பார்த்தாள். வாய் பிளந்தபடி, இறக்கை உடம்பைவிட்டு அகன்றபடி, நாலும் ஒரே மாதிரி கிடந்தன. தொட்டுப் பார்த்தாள். செத்து எவ்வளவு நேரமோ, இன்னும் கொதித்தது.

“சாகும்போது கத்துச்சுங்களா?”

தம்பையா எழுந்து உள்ளே போய்விட்டான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். குழி வெட்டிக் குழி வெட்டி அந்தச் சரிவே இப்போது உழுத நிலம் மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் மூன்று செத்தபோதே இராசமணி லுணுகலைக்குப் போய் கால்நடை ஆபீசில் தர்மிளா மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது முப்பது இருக்காது. பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினாள்.

“கோழிக்கு வேர்க்காது அம்மா. வாயாலதான் சூட்டை வெளிய தள்ளும். அப்பிடி இளைக்க இளைக்க உடம்பில இருக்கிற உப்பும் சத்தும் போயிடும். அதுக்குத்தான் இந்தப் பவுடர். விட்டமின் சியும் உப்புச் சத்தும் சேர்ந்தது. குளிர்ந்த தண்ணியில கலந்து வையுங்கோ. மணித்தியாலத்துக்கு ஒருக்கா தண்ணியை ஊத்திப்போட்டு புதுசாக் கலக்க வேணும். சூடான தண்ணியை அதுகள் குடிக்காது. ஒரு மேசை விசிறி வாங்கி வைச்சியள் எண்டால் இன்னும் நல்லம்.”

“சரிங்க மிஸ்.”

“மற்றது, முக்கியமா இதைக் கேளுங்கோ. விடியக்காலமையும் பொழுதுபடவும் மட்டும்தான் தீன். பத்து மணிக்கு முந்தித் தீன் பாத்திரத்தை மேல தூக்கிக் கட்டிப்போடுங்கோ. பகல்ல தீன் போட்டால், அதைச் செமிக்க வைக்கிற சூடும் வெயில் சூடும் சேர்ந்து கோழி விழுந்திடும். பிறகு எந்தப் பவுடரும் காப்பாத்தாது. விளங்குதோ?”

விளங்கியது. ஆனால் மனசுதான் ஏற்கவில்லை. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் தோட்டத்தில் உசிருள்ளது எல்லாம் சாப்பிடும். கைக்குழந்தை முதல் லயத்து வரிசைவீட்டு நாய்வரை அந்த நேரத்தில் யாரையும் பட்டினி போடுகிற வழக்கம் கிடையாது. சண்டை பிடித்த வீட்டில்கூட சங்கு ஊதினால் சோற்றைப் போட்டுத் தள்ளிவைத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கூட்டில் அடைத்துவைத்த பிராணிக்குப் பகல் தீனி இல்லை என்றால் அது என்ன பாவமோ என்று பயந்தாள். ஆனாலும் படித்த பிள்ளை சொன்னதை மீறவில்லை. இருட்டோடு எழுந்து தீனி வைத்து, பெரட்டுக்குப் போகும் முன் தீனித் தட்டுகளைக் கயிற்றில் இழுத்து மேலே கட்டினாள். தம்பையாவிடம் எல்லாம் விளக்கமாகச் சொன்னாள். கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் சுற்றும் படங்கில் பழையது இரண்டை நனைத்துக் கம்பி வலைக்கு மேல் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த மேசை விசிறியையும் வாங்கி வந்தாள். அதைப் போட வேண்டாம் என்று தம்பையாதான் தடுத்துவிட்டான். கரண்டு ஒழுகினால் கோழியோடு வீடும் எரியும் என்றான். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

அவ்வளவு செய்தும் மூன்று, இரண்டு, நாலு என்று தினமும் செத்தன. பவுடர்தான் பொய்யோ என்று சந்தேகம் வந்தது. லுணுகலையில் தீனிக்கடை வைத்திருக்கும் அஸீஸ் நானாவிடம் போய் வேறு பவுடர் கேட்டாள்.

அஸீஸ் அவள் கொண்டுபோன பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தங்கச்சி, என்ட கடையில இருக்கிறதும் இதே சாமான்தான். இத விட நல்லதுக்கு நான் எங்க போறது? பவுடர்ல பிழை இல்ல. வேற எங்கயோ பிழை இருக்கு.”

“வேற எங்க நானா?”

“அத நீங்கதான் பாக்கணும்.”

வேறு எங்கே என்பதற்கு லயத்தில் பதில் தயாராக இருந்தது. கூடு கட்டிய சரிவில் முன்பு ஒரு முனியாண்டிக் கல் இருந்ததாம். எந்தக் காலத்திலோ மண்சரிவில் அது ஓடைக்குள் போய்விட்டதாம். அவர் இருந்த இடத்தில் கோழியை அடைத்தால் அவர் எடுத்துக்கொள்ளாமல் விடுவாரா என்று கேட்டார்கள். இராசமணி ஒரு வெள்ளிக்கிழமை கூட்டின் மூலையில் எலுமிச்சம்பழம் வெட்டிவைத்தாள். அன்றைக்கு மூன்று செத்தன. எலுமிச்சம்பழமும் வெயிலில் சுருங்கிப் போனது.

பத்தாம் நாள் அவள் அரைநாள் லீவு கேட்டு, முந்தின நாள் செத்த ஒரு கோழியைப் புதைக்காமல் வைத்திருந்து, பொலித்தீன் பையில் சுற்றி, காலை பஸ்ஸில் லுணுகலைக்குக் கொண்டுபோனாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சியபோது, பையை மடியில் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

தர்மிளா மிஸ் கையுறை போட்டுக்கொண்டு ஆபீசின் பின்பக்கத்துக் கல்லில் கோழியை வைத்து வெட்டினாள். கழுத்தடியில் புடைத்திருந்த தீனிப்பையைக் கத்தி முனையால் திறந்தாள். உள்ளே அடைத்த மாவு கட்டியாக வெளியே வந்தது.

“இது எத்தினை மணிக்குச் செத்தது?”

“ரெண்டு மணி, மூணு மணிக்குள்ளங்க மிஸ். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு.”

“மத்தியானம் தீன் போட்டிருக்கிறியள்.”

“இல்லங்க மிஸ். சத்தியமா இல்ல. காலையில ஆறுமணிக்குத் தட்டக் கட்டிட்டுத்தான் நான் பெரட்டுக்கே போறேன்.”

“காலமை திண்டது இந்நேரத்துக்குக் கீழ இறங்கியிருக்கும் அம்மா. இது செத்ததுக்குக் கொஞ்சம் முந்தித் திண்டது. வடிவாப் பாருங்கோ, புதுத் தீன். நான் உங்களை ஏசேல்லை. ஆனா ஆரோ போடுகினம்.”

இராசமணி அந்த மாவுக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடு இருக்கும் வீட்டில் பகலில் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பெயரை மிஸ்ஸிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“நல்லாப் பாத்துக்கிறேன் மிஸ்” என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ் குலுங்கியதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. ஏன் போடுகிறார்? வேண்டுமென்றா? ஒருவேளை நான் மலையை விட்டுவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லையோ? தான் முடங்கிக் கிடக்க, நானும் வீட்டில் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறாரோ? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்க முடிகிறதே என்று அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

சந்தியில் இறங்கி வழக்கமான படிக்கட்டில் போகாமல், மேல்பாதையால் சுற்றி வந்து, கூட்டுக்கு மேலே கொய்யா மரத்தடியில் நின்றாள். சங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கீழே கோழிகள் வாய் பிளந்து இளைத்துக்கொண்டிருந்தன. தகரத்தின் மேல் வெயில் நடுங்கியது. தம்பையாவைக் காணவில்லை.

சங்கு ஊதியது.

கூட்டுக்குள் அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. சங்கு என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை முனகலாக இருந்த சத்தம் இரைச்சலாக ஏறியது. இறக்கைகளை அடித்துக்கொண்டு எல்லாம் கம்பி வலைப் பக்கம் வந்து குவிந்தன.

பின்கதவு திறந்தது. தம்பையா ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முதுகு வளைந்து, யாரோ துரத்துகிற மாதிரி வந்தான். தீனிப் பீப்பாயைத் திறக்க ஒரு கையை எடுத்தபோது தலையைத் தோளில் சாய்த்து அந்தக் காதை மூடினான். சுண்டுத் தகரத்தால் தீனியை அள்ளி அள்ளிக் கம்பி வலைக்குள் எறிந்தான். கூட்டுக்குள் காலடி வைக்கவில்லை.

தலைகள் குனிந்தன. இரைச்சல் நின்றது. கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பையா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இராசமணி சரிவில் இறங்கி வந்தாள். “ஏங்க.”

திடுக்கிட்டு நிமிர்ந்தான். கையில் இருந்த சுண்டு உருண்டு போனது.

“நீ... லுணுகலைக்குப் போகல?”

“போயிட்டு வந்துட்டேன். எத்தன நாளா இந்த வேல?”

அவன் உருண்டு போன சுண்டை எடுக்கக் கை நீட்டினான்.

“மிஸ் சொன்னத நான் ஒங்ககிட்ட சொல்லல? பகல்ல தீனி போட்டா செத்துரும்னு ஒண்ணுக்குப் பத்து தடவ சொல்லல?”

“சொன்ன.”

“பசியில கத்துதேன்னு பாவம் பாத்தீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். தோட்டத்தில் அதை நம்பாதவர் யாரும் இல்லை, இராசமணியும் நம்பியிருப்பாள். தம்பையா இல்லை என்று தலையை ஆட்டினான்.

“சத்தம்” என்றான்.

“என்ன சத்தம்?”

“சூடு ஏற ஏற அதுக வாயப் பொளந்துக்கிட்டு இளைக்குது. அம்புட்டும் ஒண்ணா இளைச்சா ஒரு எரைச்சல் வருது மணி. தகரத்துக்குக் கீழ அது சுத்திச் சுத்தி வருது. பொறவு றெக்கைய அடிக்குது. எனக்கு அது கோழின்னு தெரியும். நல்லாத் தெரியும். ஒடம்பு நம்பமாட்டேங்குது. முதுகெல்லாம் கொட்டுற மாதிரி எரியுது.” அவன் கழுத்தைத் தடவினான். பழைய கொட்டுத் தழும்புகள் வேர்வையில் பளபளத்தன. “ஒருநாள் தாங்க முடியாம கொஞ்சம் தீனிய அள்ளி எறிஞ்சேன். தின்னுச்சுக. சத்தம் நின்னுச்சு. மறுநாளு சங்கு ஊதுனதும் அதுகளே கேக்குது. நீ சோத்துக்கு வர்றதுக்குள்ள தின்னு முடிச்சிருதுக.”

“தண்ணி? தண்ணியாச்சும் மாத்துனீங்களா?”

“காலையில ஒருக்கா. வெயில் ஏறுன பொறவு உள்ள போக முடியல.”

“அந்த வெசிறி?”

“அதுவும் அந்தச் சத்தந்தான் போடுது.”

இராசமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. செத்த கோழியெல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தன. பிறகு ஆறாம் நம்பர் மலை வந்தது. சாக்குக்குள் தான் இருட்டில் கிடந்ததும், மேலே அவன் உடம்பு ஒவ்வொரு கொட்டுக்கும் துள்ளியதும், அந்த இரைச்சலும். அவளுக்குச் சாக்கு இருந்தது. அவனுக்கு இல்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“என்னான்னு சொல்றது? கோழிக்குப் பயப்படுறேன்னா?”

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அன்று அவள் பெரட்டு போனால் போகட்டும் என்று மலைக்குப் போகவில்லை. பாதி தீனியைக் கூட்டி அள்ளினாள். ஓடைத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து கோழிகளின் மேல் தெளித்தாள். அப்படியும் இரண்டு அவள் கண் முன்னாலேயே சுழன்று விழுந்தன. தம்பையா வாசலில் நின்று பார்த்தான்.

“அப்ப நாந்தான் கொன்னுருக்கேன்” என்றான்.

அவள் விழுந்த இரண்டையும் சாக்கில் எடுத்துப் போட்டாள்.

மறுநாள் இருட்டோடு தீனி வைத்து, தட்டுகளைக் கட்டி, வீட்டில் இருந்த ஒரே பூட்டைத் தீனிப் பீப்பாயில் போட்டாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பவுடரை மணிக்கு ஒன்றாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வரிசையாக வைத்தாள். ஓடையில் இருந்து இரண்டு பானை தண்ணீர் எடுத்து நிழலில் மூடிவைத்தாள். நாள்முழுக்க வீட்டில் இருக்க முடியாது. இன்னும் நாலு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். கச்சானோ இன்னும் ஒரு மாதம் அடிக்கும். தண்ணீர் மாற்ற அவனை விட்டால் ஆள் இல்லை. 

மத்தியான நிறுவையில் முதல் ஆளாகச் சாக்கைத் தூக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள். சங்கு ஊதி அரைமணி ஆகியும் கோழிகள் அடங்கவில்லை. தீனி வராததால் வலையைக் கொத்தின. கூட்டு வாசலில் வாளி கவிழ்ந்து கிடந்தது. தம்பையா வீட்டுக்குள் மூலையில் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பத்து மணிக்கு மாத்துனேன். பதினோரு மணிக்குப் பாதியில ஓடி வந்துட்டேன்.”

“சரி விடுங்க. ஒண்ணும் சாகல. நான் மாத்திட்டுப் போறேன்.”

“நீ போன பொறவு?”

அவள் போய்த் தண்ணீரை மாற்றினாள். வெளியே வந்தபோது அவன் கூட்டு வாசலில் நின்றான். பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு காதிலும் திணித்திருந்தான். கையில் நாலு பொட்டலமும் ஒரு பானையும். 

“நான் உள்ள இருக்கேன். நீ வெளிப்பக்கமா தாப்பாளப் போட்டுட்டுப் போ.”

“என்னங்க பேசுறீங்க? இந்தச் சூட்டுல...”

“கதவு தொறந்திருந்தா ஓடிருவேன் மணி. எனக்கு என்னயத் தெரியும்.”

“கோழி செத்தா சாகட்டும்ங்க.”

“செத்தா நீ மலைக்குப் போவ.” அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தான். “போடு தாப்பாள.”

கோழிகள் அவன் காலைச் சுற்றி இறக்கையை அடித்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்த ஜீவனிப் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை ஒரு போத்தலில் கரைத்துக் கம்பி இடுக்கால் கொடுத்தாள். கோழிக்கு ஒரு உப்புத் தண்ணி, மனுஷனுக்கு ஒரு உப்புத் தண்ணி. அதற்குள் ஒரு மணிச் சங்கு ஊதியது. தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது நிற்கவில்லை. பூட்டுத்தான் பீப்பாய்க்குப் போய்விட்டதே. கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு தேயிலைக் குச்சியை ஓட்டையில் செருகினாள். விரல் பருமன்கூட இல்லை. உள்ளிருந்து முழங்கையால் ஒரு இடி இடித்தால் ஒடிந்துவிடும். அதுவே நல்லது என்று நினைத்தாள்.

அன்று பின்னேரம் அவர்கள் நிரையை ஆறாம் நம்பர் மலைக்கு மாற்றினார்கள். கருங்கல் பாறைக்கு மேலே குளவிக் கூடு தொங்கிய வாகை மரத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். இராசமணிக்கு முன்னால் மரம், பின்னால் கூரை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. இந்நேரம் தட்டியிருப்பாரோ, தட்டினால் யாருக்குக் கேட்கும், குச்சி ஒடியாமல் மாட்டிக்கொண்டிருந்தால், மூச்சு நின்றிருந்தால் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு குளவி, தனிக் குளவி, அவள் கைக்கு நேரே பறந்து போனது. கை கொழுந்திலேயே நின்றுவிட்டது.

“அசையாத மணி” என்று பாக்கியலெட்சுமி மெதுவாகச் சொன்னாள். “போயிருச்சு. ஒண்ணுதான்.”

“ஒண்ணுதானாக்கா?”

“ஒண்ணுதான். நீ ஏன்டி அழுவுற?”

நாலரைக்கு நிறுவையில் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. குறுக்குப் பாதையில் சறுக்கி, முழங்கை சிராய்ந்து, கூட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

குச்சி செருகிய இடத்தில் அப்படியே இருந்தது. ஒடியவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.

உள்ளே சத்தமே இல்லை.

“ஏங்க” என்றாள். “ஏங்க, நாந்தான்.”

பதில் இல்லை. குச்சியை இழுக்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கதவு திறந்து, வெந்த கூட்டின் வாடை முகத்தில் அடித்தது. வெயில் இறங்கியிருந்தது. கோழிகள் இளைப்பு அடங்கி, கண்ணைச் சொருகிக்கொண்டு அங்கங்கே உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் தம்பையா சுவரில் சாய்ந்து, கண்ணை இறுக்க மூடியிருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நாலு காகிதமும் பிரிந்து கிடந்தன. தண்ணீர்த் தட்டுகளில் புதுத் தண்ணீர். எங்கேயும் ஒரு கோழி கவிழ்ந்து கிடக்கவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று அவளால் பார்க்க முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

தோளைத் தொட்டதும் அவன் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளியது. கண்ணைத் திறந்து அவளை உற்றுப் பார்த்தான். அவள் கையை, கழுத்தை, முகத்தை, சிராய்த்த முழங்கையைப் பார்த்தான். காதில் துணி இருந்ததால் குரல் கூடு முழுக்கக் கேட்டது.

“இன்னிக்கு ஒங்க நிரை ஆறாம் நம்பருக்குப் போச்சாமே, ரோட்டுல கங்காணி கத்திக்கிட்டுப் போனது துணிய மீறிக் கேட்டுச்சு. ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் காதில் இருந்த துணியை உருவி அவன் கையில் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியையும் கொடுத்தாள்.

“சாயந்தரத் தீனி நேரம்ங்க. நீங்களே போடுங்க.”

“என் கை நடுங்குது மணி.”

“எனக்குந்தான்” என்றாள் இராசமணி. இருவருமாகப் பீப்பாயைத் திறந்தார்கள்.